டியூப்பை மாற்றினால் பழுது தீர்ந்துவிடுமா?

கிட்டார் வாசிக்கும் நம் மாணவர்கள் சிலர் வீட்டில் பழைய டியூப் ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கும். மாமாவோ சித்தப்பாவோ கொடுத்ததாக இருக்கலாம், இணையத்தில் யாரோ விற்றதைக் காசு சேர்த்து வாங்கியதாகவும் இருக்கலாம். ஒருநாள் ஒலி கரகரக்கத் தொடங்கும். பின்பக்கம் எட்டிப் பார்த்தால், அங்கே நிற்கும் இரண்டு பெரிய டியூப்களில் ஒன்றின் உள்ளேயுள்ள சாம்பல் நிறத் தகடு அடுப்புக்கரி போலச் சிவந்திருக்கும். நண்பர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "டியூப் போச்சு, புதுசா ஒரு ஜோடி வாங்கிப் போடு." சில நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிப் போடுவார்கள். சில வாரம் ஓடும். சில சமயம் சில நிமிடம்கூட ஓடாது. மறுபடியும் அதே சிவப்பு.

டியூப்பை மாற்றுவதை மட்டும் பழுதுபார்ப்பு என்று சொல்லக்கூடாது என்பது என் கருத்து. காய்ச்சல் வந்தவருக்கு வெப்பமானியை மாற்றிக் கொடுப்பது போன்ற வேலை அது. இந்த ஒரு கருவியை வைத்து நான் பேச விரும்புவது, நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அதிகம் சொல்லிக் கொடுக்கப்படாத ஒரு திறனைப் பற்றி. பழுதின் காரணத்தைத் தேடும் திறன் அது.

"டியூப்பா? அது தாத்தா காலத்து வானொலியில் இருந்ததாயிற்றே!" என்று சிரிப்பவர்கள் தங்கள் பாடநூலைத் திறந்து பார்க்கலாம். படிவம் ஐந்து இயற்பியல் பாடத்தில் மின்னணுவியல் அத்தியாயம் எதில் தொடங்குகிறது? வெப்ப அயனி உமிழ்வில். வெற்றிடக் குழாய்க்குள் ஓர் இழையைச் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் வெளியேறும், நேர்மின்னழுத்தம் உள்ள தகட்டை நோக்கிப் பாயும் என்று எஸ்.பி.எம். தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே, அதேதான் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் டியூப்பிலும் நடக்கிறது. 1906-ஆம் ஆண்டில் லீ டி ஃபாரஸ்ட் அந்தப் பாதையின் குறுக்கே கிரிட் என்ற கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலைக்குக் கொடுக்கும் சிறிய மின்னழுத்தம் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு உலகம் டியூப்பைக் கைவிட்டது. கிட்டார் கலைஞர்கள் மட்டும் விடவில்லை. ஒலியைக் கூட்டும்போது அது உடையும் விதம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் டியூப் தயாரிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் அவர்கள்தான் காரணம். நம் வட்டாரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போன பிறகு, இங்கும் மலாயாவிலும் கிட்டார் குழுக்கள் பெருகின. 'பாப் யே யே' என்று அழைக்கப்பட்ட அந்த இசை அலை முழுவதும் டியூப் காலத்தில் எழுந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். எல்லா ஆம்ப்ளிஃபையரையும் பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது. எனவே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். 1963-இல் வந்த ஏபி763 என்ற சுற்று. ஏறக்குறைய 22 வாட் திறன். அதன் சுற்றுப்படம் பல ஆண்டுகளாகப் பொதுவில் கிடைக்கிறது, உலகம் முழுதும் பலர் அதைப் பார்த்துப் படித்திருக்கிறார்கள்.

இதன் கடைசிப் படியில் 6வி6 என்ற இரண்டு பவர் டியூப்கள் உள்ளன. இரண்டும் மாறி மாறித் தள்ளி இழுத்து ஒலிபெருக்கியை இயக்குகின்றன. தகட்டில் சுமார் 415 வோல்ட் நேர்மின்னழுத்தம். எலெக்ட்ரான்கள் கட்டுக்கடங்காமல் பாய்ந்துவிடாமல் இருக்க, கிரிட்டுக்குச் சுமார் 35 வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. இதற்குப் பெயர் பயாஸ். குதிரைக்குக் கடிவாளம் எப்படியோ டியூப்புக்கு பயாஸ் அப்படி.

கணக்கைப் பாருங்கள். யாரும் வாசிக்காமல் சும்மா இருக்கும்போது ஒரு டியூப் வழியாக 22 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 415-ஐ 0.022-ஆல் பெருக்கினால் 9.13 வாட். 6வி6-இன் தகடு தாங்கக்கூடிய உச்சம் 14 வாட். அதாவது மூன்றில் இரண்டு பங்கு அளவு. இது நல்ல நிலை. இப்போது கடிவாளம் அறுந்துவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியருக்கு ஏறினால் 41.5 வாட். தாங்கும் அளவைப்போல மூன்று மடங்கு. அந்த வெப்பம் போக வழியில்லாமல் தகடு சிவக்கிறது. திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்று நாம் படித்த சூத்திரம் இங்கே கண்ணால் பார்க்கும்படி எரிகிறது.

ஆகவே தகடு சிவப்பது நோயின் அறிகுறி. நோய் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சில நேரங்களில் டியூப்பே காரணமாக இருக்கும். அதை மறுக்க முடியாது. டியூப் தேயக்கூடிய பொருள். உள்ளே ஒரு கம்பி தளர்ந்து இன்னொன்றைத் தொட்டிருக்கலாம். கண்ணாடியில் மெல்லிய விரிசல் விழுந்து காற்று புகுந்திருக்கலாம். காற்று புகுந்தால் கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு போல மின்னும் பகுதி பால் வெள்ளையாக மாறிவிடும். அது வெற்றிடத்தைக் காப்பதற்காகப் பூசப்பட்ட பேரியம். அப்படி வெளுத்த டியூப்பைத் தயங்காமல் குப்பையில் போடலாம். ஆனால் கண்ணாடியின் உட்சுவரில் ஒட்டினாற்போல் தெரியும் நீல ஒளியைப் பார்த்துப் பயந்து நல்ல டியூப்பைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. அந்த நீலம் எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது, அதனால் கேடில்லை. நடுவிலுள்ள உலோகப் பாகங்களுக்கு இடையே ஊதா நிறப் புகை போல ஒளி நிறைந்திருந்தால்தான் உள்ளே வாயு இருக்கிறது என்று அர்த்தம்.

டியூப் நல்லதாக இருந்தும் சிவக்கிறது என்றால் சுற்றில் தேட வேண்டும். பழுதுபார்ப்பவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? இரண்டு பவர் டியூப்களையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு சாக்கெட்டுகளிலும் கிரிட் இணைப்பான 5-ஆம் காலில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இந்த ஓர் அளவீடு பாதி வழக்கை முடித்துவிடும்.

இரண்டிலும் எதிர்மின்னழுத்தம் இல்லை, அல்லது மிகக் குறைவு என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. இந்த ஆம்ப்ளிஃபையரில் பயாஸ் மின்னழுத்தத்தை உண்டாக்கும் பகுதி மிகச் சிறியது: ஒரு டையோடு, 50 வோல்ட்டுக்கான 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, ஓரிரு மின்தடைகள், அளவைச் சரிசெய்யும் ஒரு திருகு. அறுபது ஆண்டு வயதான அந்த மின்தேக்கியின் உள்ளே இருந்த திரவம் காய்ந்து போயிருக்கும். அதன் விலை சில ரிங்கிட்தான். அதைக் கவனிக்காமல் ஜோடி ஜோடியாக டியூப் வாங்கிப் போட்டவர்களின் செலவை நினைத்துப் பாருங்கள்.

ஒரு சாக்கெட்டில் மைனஸ் 35, இன்னொன்றில் மைனஸ் 9 என்று காட்டினால்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பழுது. இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

பவர் டியூப்புக்கு முன்னால் 12ஏடி7 என்ற சிறிய டியூப் இருக்கிறது. அதன் தகட்டில் 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம். அங்கிருந்து இசைச் சைகை மட்டும் பவர் டியூப்பின் கிரிட்டுக்குப் போக வேண்டும், அந்த 200 வோல்ட் போகக்கூடாது. இடையில் காவல்காரனாக 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று நிற்கிறது. மாறுமின்னோட்டத்தை விடும், நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும். மறுபக்கம், 220 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக மைனஸ் 35 வோல்ட் கிரிட்டுக்கு வருகிறது. காவல்காரன் வயதாகிக் கொஞ்சம் கசிய விட்டால் என்ன ஆகும்?

மின்தேக்கியின் கசிவை 10 மெகா ஓம் மின்தடையாகக் கருதுவோம். கேட்டால் பெரிய தடையாகத் தெரியும். ஒருபக்கம் பிளஸ் 230, மறுபக்கம் மைனஸ் 35, ஆக வித்தியாசம் 265 வோல்ட். மொத்தத் தடை 10.22 மெகா ஓம். ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய 26 மைக்ரோ ஆம்பியர். அது 220 கிலோ ஓம் வழியாகப் போகும்போது 5.7 வோல்ட்டை உண்டாக்குகிறது. மைனஸ் 35 இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 29 ஆகிவிடுகிறது. டியூப் சூடாகும், ஆனால் உடனே சிவக்காது. கசிவு கூடி 2 மெகா ஓம் ஆனால் 26 வோல்ட் போய்விடும். மிஞ்சுவது மைனஸ் 9 வோல்ட்டுக்கும் குறைவு. டியூப் கனல்கிறது. தொடர் இணைப்பில் மின்னழுத்தம் எப்படிப் பிரிகிறது என்ற படிவம் ஐந்து கணக்குதான் இது. தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அந்த மின்தேக்கியைக் கழற்றி மேசையில் வைத்துச் சாதாரண மல்டிமீட்டரால் அளந்தால் நன்றாக இருப்பதாகவே பல சமயம் காட்டும். மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். 265 வோல்ட் அழுத்தம் கொடுத்தால்தான் கசிவு வெளிப்படும். "மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருக்கிறது" என்பது அவசர முடிவு. மின்தேக்கியின் ஒரு காலை மட்டும் சுற்றிலிருந்து தூக்கிவிட்டு, கிரிட் மின்னழுத்தம் மைனஸ் 35-க்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. திரும்பினால் குற்றவாளி அகப்பட்டான். திரும்பாவிட்டால் அந்த 220 கிலோ ஓம் மின்தடையைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, இரண்டு சாக்கெட்டிலும் பயாஸ் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் ஒரு டியூப் சிவக்கிறது என்றால்? இப்போதுதான் டியூப்களை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். சிவப்பு டியூப்போடு போனால் டியூப்பின் குற்றம். சிவப்பு அதே இடத்தில் நின்றால் அந்த இடத்தின் குற்றம்: சாக்கெட்டின் 5-ஆம் கால் பிடி தளர்ந்திருக்கும், அல்லது கிரிட்டுக்கு முன்னால் உள்ள 1.5 கிலோ ஓம் மின்தடை அறுந்திருக்கும். சாக்கெட்டை மீட்டரால் அளக்கும்போது மீட்டரின் முனை நன்றாகத் தொடும், டியூப்பின் கால் தொடாது. அதனால்தான் அளவீடு சரியாக இருந்தும் கோளாறு தொடர்கிறது. இடம் மாற்றிப் பார்ப்பதையே முதல் வேலையாகச் செய்யச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறான சாக்கெட்டில் நல்ல டியூப்பைச் சொருகினால் அதுவும் வெந்துபோகும். அளந்த பிறகே மாற்ற வேண்டும். அப்போதும் சிவப்பு தெரிந்த அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

காரணமும் விளைவும் இடம் மாறி நிற்பதும் உண்டு. டியூப்பின் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டால், ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போகும் 470 ஓம் மின்தடை கருகி அறுந்துவிடும். அங்கே காரணம் டியூப், விளைவு மின்தடை. இப்போது டியூப்பை மட்டும் மாற்றினால் புதிய டியூப் சிவக்காது. உண்மையில் அது எதுவுமே செய்யாது. ஸ்கிரீனுக்கு மின்னழுத்தம் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருக்கும். வேலை முழுவதும் இன்னொரு டியூப்பின் தலையில் விழும். ஒலி மெலிந்து, இரைச்சல் கூடும். "புது டியூப் தரமில்லை" என்று விற்றவர் மீது பழி போகும்.

டியூப்பைக் கொல்வதில் வாசிப்பவரின் பங்கும் உண்டு. ஒலிபெருக்கி இணைக்காமல் டியூப் ஆம்ப்ளிஃபையரை முழு வேகத்தில் வாசிப்பது அதில் முதன்மையானது. ஆம்ப்ளிஃபையருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் ஒரு மின்மாற்றி இருக்கிறது. சுமை இல்லாத சுருளில் மின்னோட்டம் திடீரென மாறினால் பெரும் மின்னழுத்தம் தூண்டப்படும். மின்காந்தத் தூண்டல் பாடத்தில் படித்ததுதான். சாக்கெட்டின் கால்களுக்கு இடையே தீப்பொறி பாய்ந்து கரித்தடம் போட்டுவிடும், மின்மாற்றியே போய்விடவும் கூடும். ஃபெண்டர் இதற்கு ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. ஒலிபெருக்கி பிளக்கை உருவினால் அந்தத் துளை தானாகவே குறுக்கிணைப்பு ஆகிவிடும். ஆனால் பிளக் இந்தப் பக்கம் செருகப்பட்டு, வயரின் மறுமுனை பெட்டிக்குள் கழன்று கிடந்தால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. மேடையில் இருட்டில் வயரை மிதித்து இழுக்கும் குழுக்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. இங்கே சுவர் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவுக்கென்று செய்த கருவி 120 வோல்ட். ஜப்பானுக்குச் செய்தது 100 வோல்ட். அமெரிக்கக் கருவியை நேரடியாக நம் சுவரில் செருகினால் 6.3 வோல்ட் பெற வேண்டிய டியூப் சூடேற்றிக்கு 12 வோல்ட் போகும். ஃபியூஸ் முந்திக்கொண்டால் பிழைத்தது. இது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. தெரியாமல் கொல்வது வேறொன்று. ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் கருவியை, "110 வோல்ட்" என்று எழுதியிருக்கும் இறக்க மின்மாற்றியில் செருகி ஆண்டுக்கணக்கில் வாசிப்பார்கள். எல்லாம் பத்து விழுக்காடு கூடுதலாகப் போகும். சூடேற்றிக்கு 6.9 வோல்ட்டைத் தாண்டிவிடும், அது 6.3-இலிருந்து அனுமதிக்கப்பட்ட எல்லையின் விளிம்பு. டியூப் ஏன் சீக்கிரம் சீக்கிரம் போகிறது என்று யாருக்கும் புரியாது. கருவியின் பின்புறத் தகட்டில் எழுதியிருப்பதையும் மின்மாற்றியில் எழுதியிருப்பதையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

ஃபியூஸைப் பற்றி ஒரே வரி: எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸோ சாக்லெட் காகிதமோ வைப்பவர், பத்து ரிங்கிட் பழுதை ஐந்நூறு ரிங்கிட் பழுதாக்கப் போகிறார்.

இவ்வளவும் படித்துவிட்டு இன்று மாலையே திருப்புளியை எடுக்கும் எண்ணம் வந்திருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். இங்கே நான் கண்டிப்பாக இருக்கிறேன். இணையக் காணொளிகளில் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து ஒரு கையால் அளப்பதைப் பார்க்க எளிதாக இருக்கும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் இருக்கிறது. சுவரிலிருந்து பிளக்கை உருவிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கக்கூடும். 32 மைக்ரோஃபாரட், 415 வோல்ட் என்று வைத்து, எஸ்.டி.பி.எம். மாணவர்கள் ஆற்றலைக் கணக்கிட்டால் 2.8 ஜூல் அளவில் வரும். எண் சின்னதுதான். அது ஒரு கையில் நுழைந்து நெஞ்சின் குறுக்கே மறு கையில் வெளியேறினால் உயிருக்கு ஆபத்து. பழகியவர்கள் மின்தடை ஒன்றின் வழியாக மெதுவாக மின்னூட்டத்தை வடித்து, மீட்டரில் பூஜ்யத்துக்கு அருகில் வந்ததைப் பார்த்த பிறகே கை வைப்பார்கள். முதன்முறை இயக்கும்போது பழைய இழை விளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள். இவற்றைத் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். தனியாக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வேலை இது இல்லை.

அப்படியானால் மாணவருக்கு இதில் என்ன இடம்? நிறைய இருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். எந்த டியூப் சிவந்தது, இடமா வலமா? இயக்கி எத்தனை நிமிடத்தில்? வாசிக்கும்போதா, சும்மா இருந்தபோதா? ஒலி முதலில் குறைந்ததா, இரைந்ததா? கடைசியாக எப்போது டியூப் மாற்றப்பட்டது, அப்போது பயாஸ் அளக்கப்பட்டதா? எந்த மின்மாற்றியில் இயங்குகிறது? இதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால், நல்ல பழுதுபார்ப்பவர் உங்களை நாற்காலி போட்டு உட்கார வைப்பார்.

வேலை முடிந்து கருவியை வாங்கும்போது மூன்று எண்களைக் கேளுங்கள்: தகட்டு மின்னழுத்தம் எவ்வளவு, ஒவ்வொரு டியூப்பிலும் மின்னோட்டம் எவ்வளவு, கிரிட்டில் எவ்வளவு. பல தொழில்நுட்பர்கள் கேத்தோடில் 1 ஓம் மின்தடை வைத்திருப்பார்கள். அதன் குறுக்கே ஒரு மில்லி வோல்ட் என்றால் ஒரு மில்லி ஆம்பியர். அளப்பது அவ்வளவு எளிது. ரசீதில் "டியூப் மாற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால், பழையது ஏன் போனது என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. "அண்ணே, பழைய டியூப் எதனால போச்சுன்னு தெரிஞ்சுச்சா?" என்று கேட்டால் போதும். தெரிந்தவர் மகிழ்ச்சியாகச் சொல்வார்.

பழுதுபார்ப்பவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. காரணத்தைத் தேட இரண்டு மணி நேரம் ஆகும், மாற்றிப் போடப் பத்து நிமிடம். வாடிக்கையாளர் டியூப்புக்குச் சில நூறு ரிங்கிட் முணுமுணுக்காமல் கொடுப்பார். "கண்டுபிடித்ததற்குக் கூலி நூறு ரிங்கிட்" என்றால் முகம் சுளிப்பார். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குக் காசு, தெரியாத அறிவுக்குக் காசு இல்லை என்று நாமே பழக்கிவிட்டோம். அப்புறம் தேடுவதற்கு அவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

இப்போது டியூப்பே இல்லாத ஆம்ப்ளிஃபையர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, கைப்பேசியிலேயே அந்த ஒலி வருகிறது, இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். வாங்குவதற்கு அவை நல்லவைதான். முதல் ஆம்ப்ளிஃபையர் வாங்கும் மாணவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். கற்பதற்குத்தான் அவை உதவாது. ஒரு சில்லுக்குள் நடப்பதை யாராலும் எட்டிப் பார்க்க முடியாது, பழுதானால் பலகையை முழுதாக மாற்றுவார்கள். டியூப் சுற்றில் ஒவ்வொரு பாகமும் தனியாக நிற்கிறது, சுற்றுப்படத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் வயராகத் தொட்டுக் காட்டலாம். அளவீடுகள் சுற்றுப்படத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். இருக்க வேண்டியது இது, இருப்பது இது என்று ஒப்பிட்டுக் காரணம் தேடும் பழக்கம் இங்கே வந்துவிட்டால், மின்சார வாகனமோ மருத்துவமனைக் கருவியோ எது முன்னால் வந்தாலும் கைகொடுக்கும்.

நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதற்கு இடமில்லை என்பதுதான் என் குறை. மாணவருக்குக் கொடுக்கப்படுவது எப்போதும் வேலை செய்யும் சுற்று. விளக்கு எரிய வேண்டும், எரிந்ததும் அளவை அட்டவணையில் எழுத வேண்டும். எரியாவிட்டால் ஆசிரியர் வந்து வயரை மாற்றிக் கொடுப்பார், நேரம் போய்விடும் அல்லவா? பாடத்திலேயே அருமையான பகுதி அந்த இடத்தில்தான் தொலைந்துபோகிறது. பழுதான சுற்று ஒன்றை வேண்டுமென்றே கொடுத்து, "எங்கே கோளாறு, எப்படித் தெரிந்துகொண்டாய்?" என்று எழுதச் சொன்னால் என்ன? இதற்கு 400 வோல்ட் தேவையில்லை. 9 வோல்ட் பேட்டரி, நான்கைந்து மின்தடைகள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மலிவு மல்டிமீட்டர் போதும். ஒரு மின்தடையின் உள்ளே அறுந்திருக்கட்டும். ஒரு மின்தேக்கிக்குக் குறுக்கே பெரிய மின்தடை ஒன்றை மறைத்து ஒட்டி, கசிவை உண்டாக்கி வைக்கட்டும். மாணவர் தொட்டதும் விடை சொல்லக்கூடாது. முதலில் ஊகத்தை எழுத வேண்டும், அந்த ஊகம் சரியென்றால் எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று எழுத வேண்டும், அதன் பிறகே அளக்க வேண்டும். ஊகம் தவறினாலும் தேடிய வழிக்கு மதிப்பெண் உண்டு.

இத்திறனைத் தொழிலாகக் கற்றுத் தரும் இடங்கள் இல்லாமல் இல்லை. தொழிற்கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், கியாட்மாரா, சிங்கப்பூரில் ஐ.டி.இ. எனப் பல. ஆனால் நம் சமூகத்தில் திவெட் என்றதும் "படிப்பு ஏறாத பிள்ளைகள் போகும் இடம்" என்று சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மேலே போட்ட கசிவுக் கணக்கை அவர்களிடம் காட்ட விரும்புகிறேன். 26 மைக்ரோ ஆம்பியர் கசிவு 5.7 வோல்ட்டைத் தின்கிறது என்று கண்டுபிடிப்பது மூளை வேலையா, கை வேலையா? அதே பெற்றோர் வீட்டுக் குளிர்சாதனம் நின்றுபோனால், காரணத்தைச் சரியாகச் சொல்லும் ஒருவரைத் தேடித்தான் பத்துப் பேருக்கு அழைப்பு விடுக்கிறார்கள்.

அறிவியல் மன்றங்கள் இதைப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திராமல் தொடங்கலாம். மாதத்துக்கு ஒரு மாலை. ஆசிரியரோ மேல்வகுப்பு மாணவரோ ஐந்து பலகைகளில் ஐந்து பழுதுகளை ஒளித்து வைக்கட்டும். சுற்றுவட்டாரத்தில் வானொலி, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் மூத்தவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை அழைத்து முன் வரிசையில் உட்கார வையுங்கள். தான் பார்த்த பழுதுகளில் மிகவும் அலைக்கழித்தது எது என்று கேட்டால், அன்று மாலை முடிவதற்குள் அவர் பேசி முடிக்கமாட்டார்.